ஒரு பெரிய ஸ்ட்ரோங், ஒரு கால் போத்தல்: வன்னியில் பியர் போகும் பாதை

திங்கள், வவுனியா

பஜாரில் ஒரு வைன் ஸ்டோர்ஸ். பின்னேரம் ஐந்தரை. இரும்புக் கிராதிக்கு முன்னால் ஆண்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள், ஆனால் சத்தம் இல்லை. காசை நீட்டி இரண்டே சொல்: "ஸ்ட்ரோங் ரெண்டு." "கால் ஒண்டு." ஸ்ட்ரோங் என்றால் கடும் பியர், கால் என்றால் கால் போத்தல் சாராயம். உள்ளேயிருந்து போத்தல் வரும், பழைய பத்திரிகையில் சுற்றிக்கொண்டு ஆள் போய்விடுவார். அரை மணித்தியாலம் ஓரமாக நின்று பார்த்தேன். லாகர், அதாவது சாதாரண பியர், கேட்டவர் ஒரேயொருவர். காலில் சப்பாத்து, கழுத்தில் கம்பனி அட்டை. எங்கோ வேலைக்கு வந்த வெளியூர்க்காரர் போல இருந்தார்.

இலங்கையின் பியர்ச் சந்தை எந்தப் பக்கம் சரிகிறது என்பதைக் கொழும்பில் இருந்துகொண்டே கம்பனி ஆண்டறிக்கைகளில் படித்துவிடலாம். நானும் படிப்பவன்தான். ஆனால் யார் எதை ஏன் வாங்குகிறார்கள் என்பது கடைவாசலில்தான் தெரியும். அதற்குத்தான் மோட்டார் சைக்கிளும் ஒரு கொப்பியுமாக வன்னிக்கு வந்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் இரவில் எழுதிப் போடுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. லயன் கம்பனியின் லாகரில் மதுசாரம் 4.8 சதவீதம். லயன் ஸ்ட்ரோங்கில் 8.8. பெரிய போத்தல் 625 மில்லிலீற்றர். லாகர் என்றால் அதற்குள் சுத்த மதுசாரம் 30 மில்லிலீற்றர், ஸ்ட்ரோங் என்றால் 55. சாதாரண சாராயம் ஏறக்குறைய 33.5 சதவீதம், ஆகவே 180 மில்லிலீற்றர் கால் போத்தலில் 60. இப்போது அந்த வரிசையில் கேட்ட இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரிய ஸ்ட்ரோங்கும் கால் போத்தலும் கிட்டத்தட்ட ஒரே சரக்கு. ஒன்றில் தண்ணீரைக் கம்பனி கலந்து தருகிறது, மற்றதில் நாம் கலக்கிறோம்.

காசு வாங்கிப் போடுகிற அண்ணை இந்தக் கணக்கை என்னைவிடச் சுருக்கமாகச் சொன்னார். "தம்பி, உதைப் பியர் எண்டு நினைச்சுக் குடிக்கிறவன் இஞ்சை இல்லை. அது குளிர்ந்த கால் போத்தல்."

பியர் என்பது மென்மையான பானம், சாராயத்திலிருந்து ஆட்களை மெல்ல இந்தப் பக்கம் திருப்பினால் நாட்டுக்கு நல்லது என்பது உலகமெங்கும் பியர்க்காரர்கள் சொல்லும் வாதம். 4.8 சதவீதத்தை வைத்துச் சொன்னால் அதில் ஞாயம் உண்டு. விற்பது 8.8 என்றால் அந்த வாதத்துக்குக் கால் இல்லை. பக்கத்து இந்தியாவிலும் இதே கதைதான், அங்கேயும் விற்பனையில் பெரும்பங்கு ஸ்ட்ரோங். வெயில் நாட்டில் காசை எண்ணிச் செலவழிக்கிறவன் பியர் வாங்கினால் இப்படித்தான் வாங்குவான்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. இங்கே டாஸ்மாக் மாதிரி அரசுக் கடை கிடையாது. மதுவரித் திணைக்களம் உரிமம் கொடுக்கும், கடை தனியாருடையது. காய்ச்சுபவர்களும் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். 1881இல் நுவரெலியாக் குளிரில் தொடங்கிய ஆலையின் வழிவந்ததுதான் லயன். 1998இல் களனி ஆற்றுப் பக்கம் பியகமவுக்கு வந்தது. 2014இல் மில்லர்ஸ் ஆலையை வாங்கி, திரீ கொயின்ஸ் போன்ற பெயர்களையும் தன் பைக்குள் போட்டுக்கொண்டது. எதிர்ப்பக்கத்தில் ஹைனகன், அவர்களுடைய ஆலை குருநாகல் பக்கம் மாவத்தகமவில். அங்கர் என்ற பெயரிலும் அவர்களுக்கு ஒரு பியர் உண்டு. அதே பெயரில் பால்மாவும் விற்கிற நாட்டில், கணவனிடம் சாமான் பட்டியல் கொடுத்துவிடும் மனைவிமார் விளக்கமாக எழுதுவது நல்லது.

விளம்பரம் இல்லை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மது விளம்பரத்தை முழுதாகத் தடை செய்துவிட்டது, 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதையும் சேர்த்து. நல்ல சட்டம் என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு: புதிதாக ஒருவர் சந்தைக்குள் வந்து "நான் இருக்கிறேன்" என்று சொல்ல வழியில்லை. ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்த சிங்கத்துக்கு அது வசதி. மிச்சமிருக்கும் ஆயுதங்கள் இரண்டுதான், விலையும் குளிரும்.

செவ்வாய், மாங்குளம்

ஏ9 வீதியில் ஓமந்தை தாண்டியதும் காடு. பத்துமணிக்கே தார் றோட்டு கானல் காட்டுகிறது. ஓமந்தைச் சோதனைச்சாவடியில் ஒரு காலத்தில் இறங்கி, பொதி அவிழ்த்து, அடையாள அட்டை காட்டி நடந்தவர்களுக்கு இன்று எண்பதில் ஓடிப்போவது இன்னும் பழகவில்லை. இந்த வீதி 2002இல் திறந்தது, 2006 ஓகஸ்டில் மூடியது, 2009இல் மறுபடி திறந்தது. வன்னியில் எந்தச் சாமானின் சந்தைக் கதையை எழுதினாலும் இந்த மூன்று ஆண்டுகளைத் தவிர்க்க முடியாது.

மாங்குளம் சந்தியில் தேத்தண்ணிக் கடை. பக்கத்தில் பியர் இறக்கிவிட்டு வெற்றுப் பெட்டிகளோடு நிற்கிற லொறியின் சாரதி, தெற்கே இருந்து வருபவர், தமிழ் நன்றாகப் பேசுகிறார். வடக்குக்கு ஏற்றுவதில் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். தூரம்தான் என்றார். கண்ணாடிப் போத்தல் கனம். போகும்போது நிரம்பிய போத்தல், வரும்போது வெறும் போத்தல், இரண்டுக்கும் டீசல். ரின்னில் அடைத்த பியர் என்றால் திரும்பி வரத் தேவையில்லை. அதனால் தூரம் கூடக் கூட ரின் கூடுகிறது என்பது அவருடைய கணிப்பு. அது சரிபோலத்தான் தெரிகிறது. ஒட்டுசுட்டானுக்குத் திரும்பும் வீதியின் இரு கரையிலும் நசுக்கிய ரின்கள் வெயிலில் மினுங்குகின்றன. பழைய இரும்பு வாங்குபவர்கள் அலுமினியத்தை நிறுத்து எடுக்கிறார்கள், ஆனாலும் காட்டுக்குள் எறிந்ததைப் பொறுக்கப் போகிறவர் குறைவு. யானைப் பயம்.

கடைக்காரர் அறுபது தாண்டியவர். தொண்ணூறுகளில் இதே சந்தியில் இருந்தவர். அப்போது பியர் வந்ததா என்று கேட்டதற்குச் சிரித்தார். "பெற்றோலும் பற்றறியும் வராத நாட்டுக்குப் பியரே வரும்? மண்ணெண்ணெயில மோட்டார் சைக்கிள் ஓடின சனம் நாங்கள்." அந்தக் காலத்தில் குடிக்கிறவருக்குக் கள்ளு இருந்தது, களவாய் வடிக்கும் கசிப்பு இருந்தது. வீதி திறந்தபோது பியர் வந்தது, ஆனால் வெப்பமாக. பிரிட்ஜ் ஓட மின்சாரம் இல்லை, ஜெனரேற்றருக்கு எரிபொருள் செலவு. வெப்பமான பியரை ஒருமுறை குடித்தவர் மறுநாள் சாராயத்துக்குப் போய்விடுவார். போருக்குப் பிறகு மின்கம்பி கிராமம் கிராமமாக இழுபட்ட பின்தான் பியருக்கு இங்கே உயிர் வந்தது. வன்னியில் பியரின் வரலாறு ஒரு வகையில் மின்சாரத்தின் வரலாறு என்று கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். கொஞ்சம் பெரிய பேச்சுத்தான், இருந்தாலும் அடிக்கவில்லை.

புதன், முல்லைத்தீவு

நாளை போயா. பௌத்த நோன்மதி நாளில் நாடு முழுவதும் மதுக்கடைகள் மூடவேண்டும். அதனால் போயாவுக்கு முதல்நாள் பின்னேரம்தான் ஒவ்வொரு மாதமும் கடைக்காரரின் பெருநாள். இரண்டு நாளைக்கு உரியதை ஒரே நாளில் வாங்குகிறார்கள். சிலர் கூடுதலாக வாங்கி நாளைக்கு மேலே காசு வைத்து விற்பதற்கு. அவர்களையும் முகம் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். பை பெரிது, பேரம் இல்லை, பியர் இல்லை. கள்ளச் சந்தைக்குச் சாராயம்தான் வாய்ப்பு. சின்னப் போத்தல், பிரிட்ஜ் தேவையில்லை, ஒளிக்கச் சுலபம்.

சனம் அடங்கியபின் கடையின் முகாமையாளரோடு பின்பக்கம் இருந்து பேசினேன். போர் முடிந்து சனம் மீளக் குடியேறிய காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருப்பவர். கொப்பியை வேண்டாம் என்றார், பெயரையும் வேண்டாம் என்றார். சொன்னது மட்டும் போகட்டும் என்றார்.

அவர் சொன்னதன் சாரம்: இந்த நாட்டில் பியர் விற்பது நாக்கு இல்லை, வரி அறிவிக்கும் வர்த்தமானி. 2015 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் பியர் மீதான வரி ஒரேயடியாக ஏறியது. அடுத்த ஆண்டு மே மாதம் களனி ஆறு பெருகி பியகம ஆலைக்குள் தண்ணீர் புகுந்து உற்பத்தி மாதக்கணக்கில் நின்றது. கம்பனி வெளிநாட்டிலிருந்து பியர் இறக்கி விற்கவேண்டிய நிலை. "அந்த வருசம் பியர்ப் பெட்டியில தூசி தட்டினது நான்" என்றார். குடிக்கிறவர்கள் குடியை விடவில்லை. காசுள்ளவர் சாராயத்துக்கும் காசில்லாதவர் கசிப்புக்கும் போனார்கள். 2017 நவம்பரில் மங்கள சமரவீர நிதியமைச்சராகக் கொண்டுவந்த வரவு செலவுத் திட்டம் மதுசார அளவை வைத்து வரி போடும் முறைக்கு மாறியது. பியர் வரி இறங்கியது. பியர் திரும்பி வந்தது. அதுவும் எப்படி, போனபோது இருந்ததைவிடப் பலமாக.

அதே அமைச்சர் 2018 ஜனவரியில் இன்னொன்றும் செய்தார். பெண்களுக்கு மது விற்கக்கூடாது என்ற 1979ஆம் ஆண்டு விதியை நீக்கினார். சில நாட்களில் ஜனாதிபதி சிறிசேன அதைத் திரும்பப் பெறவைத்தார். முகாமையாளரிடம் இதைக் கேட்டபோது தோளைக் குலுக்கினார். இங்கே பெண் வந்து கிராதியில் கைநீட்டப்போவதில்லை, சட்டம் இருந்தாலென்ன இல்லாவிட்டாலென்ன. ஓட்டோக்காரரிடம் காசு கொடுத்து விடுகிறார்கள், சிலவேளை வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தவர்கள். அந்தக் கட்டளை மட்டும் லாகராக இருக்கும் என்றார். இதை நான் எதிர்பார்க்கவில்லை.

2022 நெருக்கடியை அவர் அதிகம் பேசவில்லை. யாரும் அதைப் பேச விரும்புவதில்லை. பார்லியும் ஹொப்ஸும் இந்த நாட்டில் விளைவதில்லை. டொலர் இல்லாவிட்டால் "இலங்கைப் பியர்" இல்லை. 2023 ஜனவரியில் மதுவரி 20 சதவீதம் ஏறியது, பிறகும் ஏறியது. பெறுமதி சேர் வரியான வற் 2022இல் 8 சதவீதமாக இருந்து 2024 ஜனவரியில் 18க்கு வந்து நின்றது. 2025 ஜனவரியில் இன்னொரு 6 சதவீதம். இனிமேல் விலைவாசியோடு சேர்ந்து வரியும் நகர்வதுதான் சர்வதேச நாணய நிதியத்தோடு ஒத்துக்கொண்ட ஏற்பாடு. 2025 ஏப்ரலிலிருந்து மதுக் கம்பனிகளின் வருமான வரியும் 40 சதவீதத்திலிருந்து 45 ஆனது.

இவ்வளவுக்கும் பிறகு ஆட்கள் எதை விட்டார்கள் என்று கேட்டேன். "எதையும் விடேல்லை. பெரிய போத்தலை விட்டுச் சின்னனுக்கு வந்தாங்கள். முழுப் போத்தல் வாங்கினவன் அரை, அரை வாங்கினவன் கால். கால் வாங்கினவன் ரெண்டு பேர் சேர்ந்து கால்." கசிப்பு? அதற்கு அவர் பதில் சொல்லவில்லை, முல்லைத்தீவுக் காடுகளின் பக்கம் கையைக் காட்டினார்.

மீனவர்கள் பற்றி ஒரு குறிப்பு. கடற்கரையில் விசாரித்தவர்கள் எல்லாரும் சாராயப் பக்கம்தான். இரவு கடலுக்குப் போய்விட்டு வருகிறவனுக்குக் குளிர்ந்தது வேண்டாம் என்கிறார்கள். பியர் வாங்குவது வயல் ஆட்கள், அறுவடை மெசின் ஓட்டுநர்கள், றோட்டு வேலைக்காரர், இளம் பெடியள். பெரும்போக அறுவடை முடிந்து காசு கையில் இருக்கும் மாதம் இது. ஆனால் அந்தக் காசையும் பாருங்கள்: அரசு 2025 பெப்ரவரியில் அறிவித்த நெல் விலை நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபா, சம்பாவுக்கு 125, கீரிச் சம்பாவுக்கு 132. அந்த விலையில் நாட்டு நெல் ஐந்து கிலோ கொடுத்தால் ஏறத்தாழ ஒரு பெரிய ஸ்ட்ரோங்.

வியாழன், போயா, முள்ளியவளை

கடைகள் எல்லாம் பூட்டு. பனை பூட்டவில்லை.

காலை ஆறுமணிக்கே வடலி வேலிக்குள்ளால் நடந்து கள்ளு இறக்கும் ஒரு சீவல் தொழிலாளியைப் பார்க்கப் போனேன். ஐம்பது வயதிருக்கும். காலில் மரமேறக் கட்டும் தளநார், இடுப்பில் கத்திக்கூடு, முதுகில் முட்டி. ஏறும்போது பேசமாட்டார், இறங்கியபின் பேசுவதை நிறுத்தமாட்டார். காலையும் மாலையும் ஏறவேண்டும். பாளையை ஒருநாள் சீவாமல் விட்டால் காய்ந்துபோகும், பிறகு அந்தப் பாளை உதவாது. ஆகவே போயா என்றாலும் பெருநாள் என்றாலும் செத்தவீடு என்றாலும் மரத்தில் ஏறியே ஆகவேண்டும். கள்ளு விற்கும் தவறணை மட்டும் இன்று மூடியிருக்கும். இறக்கிய கள்ளு என்னாகும்? "சட்டப்படி சொல்லவோ, உண்மையாச் சொல்லவோ ஐயா?" என்று கேட்டார். சட்டப்படி என்றேன். கொஞ்சம் வினாகிரிக்குப் போகும், மிச்சம் நிலத்தில் ஊற்றவேண்டும். உண்மையை நான் கேட்கவில்லை, பார்த்தேன். வேலியோரம் ஏழு மணிக்கே மூன்று சைக்கிள் நின்றது.

பியரும் கள்ளும் மோதுகிற இடம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. இரண்டிலும் மதுசாரம் ஏறத்தாழ ஒன்று, சாதாரண லாகர் அளவு. இரண்டும் நொதித்து வருபவை. பியருக்கு மாப்பொருளைச் சர்க்கரையாக்கப் பார்லியை முளைக்கவைத்து, வறுத்து, வெந்நீரில் ஊறவைத்து, ஹொப்ஸ் போட்டுக் காய்ச்சி, வளர்த்த நொதியைச் சேர்த்து, குளிரில் வாரக்கணக்கில் வைக்கவேண்டும். கள்ளுக்கு ஒன்றும் வேண்டாம். பாளையில் வடிவதே சர்க்கரை நீர். காற்றிலும் முட்டியிலும் இருக்கிற நொதி, மரத்திலிருக்கும்போதே வேலையைத் தொடங்கிவிடும். முட்டியில் சுண்ணாம்பு தடவினால் நொதிக்காது, அது கருப்பநீர், அதாவது பதநீர். தடவாவிட்டால் கள்ளு. பின்னேரத்துக்குள் கடுக்கும், மறுநாள் புளிக்கும்.

அந்த ஒரு நாள்தான் கள்ளின் பிரச்சினை. பியரை வடிகட்டிச் சூடாக்கி மூடிவிட்டால் மாதக்கணக்கில் இருக்கும். பியகமவில் அடைத்ததை முல்லைத்தீவில் திறக்கலாம். கள்ளை மரத்திலிருந்து சில மைல் தூரத்துக்குள் குடித்தாகவேண்டும். அதோடு பருவம். வருடத்தின் முற்பாதியில் பனை தரும், பிறகு கை விரிக்கும். தவறணைக்காரர் தென்னங்கள்ளுக்குப் போவார், வாடிக்கைக்காரர் ஸ்ட்ரோங்குக்குப் போவார். பனை திரும்பும்போது எல்லாரும் திரும்புவதில்லை.

மரமும் முன்போல இல்லை. போரில் பதுங்குகுழிகளுக்குத் தறித்த பனைகளின் கணக்கை எழுதி முடிக்க முடியாது. இன்று நட்ட விதை சீவுவதற்குத் தயாராக ஒரு தலைமுறை வேண்டும். ஏறுகிறவர்களும் இல்லை. இவருடைய மகன் கிளிநொச்சியில் கைத்தொலைபேசிக் கடையில் நிற்கிறான். ஏன் இந்தத் தொழிலுக்கு வரவில்லை என்று நான் கேட்கத் தேவை இருக்கவில்லை, அவரே சொன்னார். மரத்திலிருந்து விழுந்தால் முதுகெலும்பு, விழாவிட்டால் சாதிப் பேச்சு. ஊர்ச் சந்தியில் பியர் குடிக்கிறவனுக்கு மரியாதை, கள்ளு இறக்கிக் கொடுத்தவனுக்கு இல்லை. 1970களில் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்து தொழிலாளிக்குச் சேமிப்பு, காப்புறுதி என்று கொஞ்சம் நிமிர வழிசெய்தன. 1978இல் பனை அபிவிருத்திச் சபையும் வந்தது. ஆனால் பேச்சை மாற்ற எந்தச் சபையாலும் முடியவில்லை.

பின்னேரம் நான் ஒரு பனையோலைப் பிளாவில் வாங்கிக் குடித்தேன். சட்டப்படியா என்று கேட்காதீர்கள். மெல்லிய இனிப்பு, பிறகு ஒரு காரம். நெருப்பில் வாட்டிய கருவாடு பக்கத்தில். எந்த லாகரும் இதன் கிட்ட வராது என்று எழுதிவிட்டு, இது பருவத்தின் நல்ல மாதம், அன்று காலை இறக்கிய கள்ளு, மரத்தடி என்பதையும் சேர்த்து எழுதிவைக்கிறேன். ஒக்டோபரில் பிளாஸ்டிக் கலனில் தூரத்திலிருந்து வந்த தவறணைக் கள்ளைக் குடித்தவர்கள் வேறு மாதிரிச் சொல்வார்கள்.

வெள்ளி, கிளிநொச்சி

புதுக்குடியிருப்பு, விசுவமடு, தர்மபுரம், பரந்தன். போரின் கடைசி மாதங்களைக் கண்ட இந்த ஏ35 வீதி பற்றி இங்கே ஒன்றும் எழுதவில்லை. அதை ஒரு பியர்க் கட்டுரைக்குள் வைப்பது முறையல்ல.

கிளிநொச்சியில் யாரிடம் பேசினாலும் ஒரு எண் வந்து விழுகிறது: 16. 2024இல் நாடெங்கும் கொடுக்கப்பட்ட புதிய மதுபான உரிமங்களின் பட்டியலை அந்த ஆண்டு டிசம்பரில் பாராளுமன்றத்தில் வெளியிட்டார்கள். முந்நூறுக்கு மேற்பட்டவை. அதில் இந்த ஒரு மாவட்டத்துக்கு மட்டும் 16. 2012 குடிசனக் கணக்கெடுப்பில் மாவட்டம் முழுவதிலும் 113,000 பேர்தான். உரிமத்துக்குச் சிபாரிசு செய்தது யார் என்பது ஊரின் பெரிய பொழுதுபோக்கு. பெயர்கள் சொல்கிறார்கள், நான் எழுதப்போவதில்லை.

புதிய கடைகளுக்கு எதிராகப் பாடசாலைப் பக்கத்திலும் கோயில் பக்கத்திலும் சனம் வீதியில் இறங்கியது. இறங்கியவர்களில் ஒரு அக்காவைச் சந்தித்தேன். பெண்களைத் தலைமையாகக் கொண்ட குடும்பங்களுக்கான சங்கம் ஒன்றில் இருப்பவர். கடுமையாகப் பேசுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர் நிதானமாகக் கணக்குப் பேசினார். நுண்கடன் தவணை திங்கட்கிழமை, கூலி சனிக்கிழமை, கடை இரண்டுக்கும் நடுவில் என்றார். கடை தூரத்தில் இருந்தபோது வாங்கப் பஸ் பிடிக்கவேண்டும், பஸ்ஸுக்குக் காசு வேண்டும், திரும்பி வரும்போது இருட்டிவிடும். இந்தச் சிரமமே ஒரு தடையாக இருந்ததாம். இப்போது நடந்துபோகும் தூரம். "பியர் வந்தாப் பிறகு பதினெட்டு வயதுப் பெடியனும் குடிக்கிறான். சாராயத்தை மணந்துபோட்டு விட்டவன், பியரை விடமாட்டான். அது அவனுக்குச் சோடா மாதிரித்தான் தொடங்கும்."

சட்டத்தில் 21 என்று இருக்கிறதே என்றேன். என்னைப் பார்த்த பார்வையில் பதில் இருந்தது.

கடைக்காரர் பக்கமும் ஒரு ஞாயம் உண்டு. உரிமம் பெற்ற கடை இல்லாத இடத்தில் கசிப்பு பெருகும் என்கிறார்கள். அது பொய்யில்லை, 2016இல் பியர் விலை ஏறியபோது நடந்ததும் அதுதான். ஆனால் பதினாறு கடை என்பது கசிப்பை ஒழிக்கப் போட்ட கணக்கு என்று என்னால் நம்பமுடியவில்லை. மதுவரி 2024இல் இருநூறு பில்லியன் ரூபாவைத் தாண்டி அரசுக்கு வந்த வருமானம். ஒரு கடை திறந்தால் எத்தனை கைக்கு லாபம் என்பதை அங்கிருந்துதான் பார்க்கவேண்டும்.

உலகத்தில் மற்றப் பக்கம் பியர்க்காரர்கள் மதுசாரமில்லாப் பியருக்கு ஓடுகிறார்கள். ஹைனகனே 2017இல் பூச்சியம் போட்டு ஒன்று இறக்கியது. ஐரோப்பாவில் இளையவர்கள் குறைவாகக் குடிப்பதாகக் கம்பனிகள் கவலைப்படுகின்றன. கிளிநொச்சியில் அந்தப் போத்தலை ஒரு கடையிலும் காணவில்லை. கேட்ட இடத்தில் "போதை இல்லாட்டி என்னத்துக்கு அண்ணை அந்த விலை" என்று திருப்பிக் கேட்டான் பெடியன். அக்காவின் கவலைக்கும் கம்பனியின் எதிர்காலத் திட்டத்துக்கும் ஒருவேளை ஒரே மருந்து இதுவாக இருக்கலாம். விற்கத்தான் ஆள் இல்லை. மதுசாரத்துக்கு வரி என்றால் மதுசாரமே இல்லாத போத்தல் பாதி விலைக்காவது வரவேண்டும், அப்போது பார்க்கலாம்.

இரவு கரடிப்போக்குச் சந்தியில் கொத்துரொட்டி. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் ஓடிய வயல்களின் வைக்கோல் மணம் இன்னும் காற்றில் இருக்கிறது. ஆசிய லாகர்களில் பார்லியோடு அரிசியையும் சேர்த்துக் காய்ச்சுவது வழக்கம். செலவும் குறையும், பியரும் லேசாகும். நெல் விலைக்காக றோட்டுக்கு வரும் விவசாயிகளின் ஊரில் குருணலரிசி நேராக ஆலைக்குப் போக ஒரு வழி இருந்தால் என்ன என்று எதிரே இருந்த நெல் வியாபாரியிடம் கேட்டேன். அரிசி விலை ஏறிச் சனம் வரிசையில் நிற்கும் வருடத்தில் "அரிசியைப் பியராக்குகிறான்" என்று சொன்னால் எந்த அரசாங்கமும் நிற்காது என்றார். சரிதான்.

சனி, பளை

பனை முடிந்து தென்னை. பச்சிலைப்பள்ளி மணலில் தென்னந்தோட்டங்கள் மீண்டும் எழுந்துகொண்டிருக்கின்றன. சோளகக் காற்று இன்னும் தொடங்கவில்லை, வியர்வை காயாத வெயில்.

கள்ளுத் தவறணை ஒன்றில் பகல் பதினொரு மணி. தகரக் கொட்டில், வாங்கு, பிளாஸ்டிக் சாடி. இருந்தவர்கள் எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள். இளைஞர்கள் எங்கே என்றால், "அவங்களுக்கு இஞ்சை இருந்தா வெக்கம்" என்றார் ஒருவர். ரின்னோடு குளக்கட்டில் இருந்தால் வெட்கமில்லை. முள்ளியவளையில் கேட்டதையே இங்கேயும் கேட்கிறேன். விலையில் கள்ளு இன்னும் பியரைவிட மிக மலிவு, அப்படி இருந்தும் ஆள் போகிறதென்றால் அந்தப் போட்டியை வரியால் மட்டும் விளக்க முடியாது. புதன்கிழமை முகாமையாளர் சொன்ன வர்த்தமானிக் கணக்கில் எனக்கு இருந்த நம்பிக்கையில் இங்கே ஒரு சின்ன ஓட்டை விழுகிறது.

கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவர் போத்தல் கள்ளு பற்றிப் பேசினார். கள்ளைச் சூடாக்கி நொதியை நிறுத்தி அடைத்தால் பியர் மாதிரியே மாதக்கணக்கில் இருக்கும். வடக்கிலிருந்து அப்படி அடைத்த கள்ளு வெளிநாடுகளுக்குப் போகிறது, நம் ஆட்கள் வாங்குகிறார்கள். பருவத்தில் மிஞ்சும் கள்ளைச் சாராயமாக வடிக்க வடமராட்சியில் திக்கம் வடிசாலையும் அமைத்தார்கள். ஆகவே அறிவும் இருக்கிறது, வழியும் தெரியும். அப்படியென்றால் ஏன் கிளிநொச்சி வைன் ஸ்டோர்ஸில் ஸ்ட்ரோங்குக்குப் பக்கத்தில் ஒரு போத்தல் கள்ளு நிற்கவில்லை?

அவர் விரல் மடக்கினார். சூடாக்கினால் மணம் போய்விடும், கள்ளு தெரிந்த ஆள் அதை வாங்கமாட்டான். போத்தல் புதிதாக வாங்கவேண்டும், கள்ளைவிடப் போத்தல் விலை. கம்பனி இலட்சக்கணக்கில் அடைக்கிறது, நாங்கள் ஆயிரக்கணக்கில். பிரிட்ஜில் இடம் பியர்க்காரருக்கு. "கனடாவில இருக்கிறவனுக்குப் பனை இல்லை, அதால போத்தலை வாங்குறான். பளையில இருக்கிறவனுக்கு மரம் கண்ணுக்கு முன்னால நிக்குது. அவனுக்கு ஏன் போத்தல்?"

மரத்தில் ஏற ஆளில்லாமல் போனால்? அப்போது வாங்குவான் என்றார். அதற்குள் அடைக்கக் கள்ளு இருக்காது என்றும் அவரே சொன்னார்.

நாளை பூநகரி வழியாக ஏ32 பிடித்து மன்னார் போகிறேன். அங்கே ஒரு கடைக்காரர் சித்திரை வருடப் பிறப்புக்கு எத்தனை பெட்டி ஸ்ட்ரோங், எத்தனை பெட்டி லாகர் என்று கட்டளை எழுதுவதைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். போன ஆண்டுத் துண்டையும் வைத்திருக்கிறாராம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அடுத்த பகுதியை எழுதுகிறேன்.